கோரையும் கூழாங்கல்லும்: வீட்டுத் தோட்டத்துக் களைகளை எப்படி அடக்குவது

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து பத்து நாள் ஆனதும் தோட்டத்துப் பக்கம் போனால் கத்திரிப் பாத்தியும் வெண்டைப் பாத்தியும் அடையாளமே தெரியாது. வெறும் மண்ணாகக் கிடந்த இடமெல்லாம் பச்சை. உடனே குனிந்து பிடுங்கத்தான் கை போகும். பிடுங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கண்ணில் படும் களைகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை, சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வேரைப் பாருங்கள்.

ஒற்றை ஆணிவேரோ மெல்லிய சல்லிவேரோ மட்டும் இருந்தால் அது விதையில் வந்த களை. குப்பைமேனி, கீழாநெல்லி, சாரணை, தரைக்கீரை, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் எல்லாம் இந்த வகை. கிழங்கோ, மண்ணுக்குள் ஓடும் தண்டோ இருந்தால் அது வேறு வகை. கோரையும் அருகம்புல்லும் இதில் முதன்மையானவை. மூக்கிரட்டை விதையில்தான் வரும், ஆனால் ஆறு மாதம் விட்டுவிட்டால் முள்ளங்கி போல் தடித்த வேரை ஆழத்தில் இறக்கிவிடும், அதன்பிறகு அதையும் கிழங்குக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றுக்குப் பலிக்கும் வேலை மற்றொன்றைப் பெருக்கிவிடும். பல தோட்டங்களில் வருடம் முழுக்கக் களை எடுத்தும் களை குறையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கோரை

கோரையைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். வந்ததைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளையாக, கொஞ்சம் பருத்து, ஒரு நூல் அறுந்த தடம் தெரியும். கிழங்கு வரவில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே மண்ணைக் கிளறினால் நிலக்கடலைப் பருப்பு அளவில், கருத்த செதில் மூடிய கிழங்கு ஒன்று கிடைக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பு. நலங்கு மாவில் சேர்க்கும் கோரைக்கிழங்கின் அதே வாசனை வரும். அந்தக் கிழங்கின் பக்கவாட்டில் கம்பி போன்ற ஒரு வேர்த்தண்டு ஓடும். அதைப் பின்தொடர்ந்தால் அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது. மணி கோத்த மாலை போலத்தான் இருக்கும்.

இந்த மாலையில் நுனிக் கிழங்கு முளைத்து மேலே இருக்கும்வரை பின்னால் உள்ள கிழங்குகள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியால் கொத்தி மாலையைத் துண்டாக்கினால் அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோய், உறங்கியவை தனித்தனியாக முளைக்கத் தொடங்கும். நன்றாகக் கொத்திவிட்ட பாத்தியில் இரண்டு வாரத்தில் முன்னைவிட அதிகமாகக் கோரை எழுவது இதனால்தான். மழைக்காலத்தில், ஈர மண்ணில், கோரை உள்ள பாத்தியை ஆழக் கொத்தவே கூடாது.

பாத்தி சிறியதாக இருந்து, மண் செம்மண்ணாகவோ மணல் கலந்ததாகவோ இருந்தால், ஒரேயடியாக முடிக்க வழி உண்டு. சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, நான்கடிக்கு எட்டடி பாத்தியை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கால் அங்குலக் கண் உள்ள மணல் சல்லடையில் சலியுங்கள். 32 கன அடி மண் வரும். ஒரு ஆளுக்கு ஒரு முழு நாள் வேலை. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் அரை அடியில்தான் இருக்கும், ஆனாலும் சில அதற்குக் கீழேயும் போகும் என்பதால்தான் ஒரு அடி. சல்லடையில் தங்கும் கிழங்கைச் சிமென்ட் தரையில் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் கத்திரி வெயிலில் போடுங்கள். கோரைக்கிழங்கு நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் தப்பும், வற்றக் காய்வதற்கு மட்டும் தப்பாது. நடுவில் ஒரு கோடை மழை நனைத்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கரிசல் மண்ணில் இந்தச் சலிக்கிற வேலை நடக்காது. காய்ந்தால் கட்டி, நனைந்தால் களி.

பெரிய இடத்துக்கும் கரிசலுக்கும் பட்டினி போடுவதுதான் வழி. கோரை முளைத்து மூன்று நான்கு இலை விட்டதும், மண்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே களைக்கொத்தியால் சீவிவிடுங்கள். கிழங்கைத் தேடிப் போக வேண்டாம். அது சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி முளைக்கும். பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி சீவுங்கள். இடைவெளி மூன்று வாரத்தைத் தாண்டினால், இலைகள் சம்பாதித்துக் கீழே புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், அதுவரை பட்ட பாடு வீண். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருபவர்கள் தோற்பது இங்கேதான். ஒரு பருவத்தில் தீராது. இரண்டு மழைப்பருவம் விடாமல் சீவினால் நூல் போல இளைத்த முளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அந்த நிலைக்கு வந்ததும் தோண்டி எடுத்துவிடலாம்.

சீவுவதோடு நிழலும் சேர்ந்தால் வேலை பாதியாகும். கோரைக்கு முழு வெயில் வேண்டும். குட்டையாக இருக்கும் களை என்பதால் மேலே ஒரு பயிர் படர்ந்தால் சோர்ந்துவிடும். முதல் இரண்டு முறை சீவியபின் சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு அடி இடைவெளியில் நெருக்கி ஊன்றுங்கள், அல்லது தட்டைப்பயறைக் கை நெருக்கமாக விதையுங்கள். ஒன்றரை மாதத்தில் தரை தெரியாமல் மூடிவிடும். அதே பாத்தியில் வெங்காயம் வைத்தால் கோரைக்குக் கொண்டாட்டம். வெங்காயத் தாள் எந்த நிழலும் தராது.

கறுப்பு மல்ச்சிங் ஷீட் கோரையை நிறுத்தும் என்று நம்பி வாங்காதீர்கள். 25, 30 மைக்ரான் ஷீட்டைக் கோரை முளை ஊசி போலக் குத்திக்கொண்டு வெளியே வரும். செய்தித்தாளையும் குத்திவிடும். தடித்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டடுக்காக, ஓரங்கள் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டால் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும்.

அருகு இவ்வளவு படுத்தாது. மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணு உள்ள துண்டு போதும், புதுச் செடிதான். ஆனால் பெரும்பகுதி மேல் மண்ணில் இருப்பதால், கோடையில் முள் மண்வெட்டியால் நெம்பி, வெட்டாமல் நீள நீளமாக உருவி எடுத்து வெயிலில் போட்டால் ஒழிந்துவிடும். அது திரும்ப வருவது வேலி ஓரத்திலிருந்தும் புல்தரையிலிருந்தும்தான். அந்த ஓரத்தில் செங்கல்லைக் குத்தாக நட்டு, ஏழெட்டு அங்குலம் மண்ணுக்குள் போகும்படி இடைவெளி இல்லாமல் வைத்துவிடுங்கள். செங்கல்லைத் தாண்டிக் கொடி எட்டிப் பார்க்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

விதையில் வரும் களைகள்

இந்த வகையில் மண்ணைக் கிளறுவதே நமக்கு எதிரி. சிறு விதைகள் பல வருடம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டால்தான் அவற்றில் பெரும்பாலானவை முளைக்கும். நாம் ஒவ்வொரு முறை ஆழக் கொத்தும்போதும் அடியில் கிடந்த ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து வெயிலில் வைக்கிறோம். அதனால் பாத்தி தயார் செய்தபின் ஒருமுறை மட்டும் முளைக்கவிட்டு அழிப்பதுதான் நல்ல முறை. எரு போட்டுக் கொத்திச் சமன் செய்து, பயிர் வைக்காமல், காலை மாலை லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து முதல் பதினைந்து நாள் விடுங்கள். களை எல்லாம் இரண்டு இலையில் நிற்கும்போது, வெயில் ஏறும் நேரத்தில், களைக்கொத்தியைப் படுக்கவைத்துப் பிடித்து ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் சுரண்டுங்கள். மாலைக்குள் வாடிவிடும். அதன்பிறகு மண்ணைப் புரட்டாமல் நாற்றை நடுங்கள். நேரம் இருந்தால் இதையே இரண்டு தடவை செய்யலாம். கீரை விதைக்கும் பாத்திக்கு இரண்டு தடவை கட்டாயம் தேவை. முளைக்கீரைக்கு நடுவில் குப்பைக்கீரை முளைத்தால் பிரித்தெடுக்கவே முடியாது.

சீவிப் போட்டதை அப்படியே விடலாமா என்றால், பூ வராத குட்டி என்றால் விடலாம். தரைக்கீரையை மட்டும் விடக்கூடாது. அதன் சதைப்பற்றுள்ள தண்டு ஈர மண்ணில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும், பூவோடு பிடுங்கியதென்றால் கிடந்த இடத்திலேயே விதையும் முற்றும். பிடுங்கிய கையோடு சமையலறைக்குக் கொண்டுபோவது நல்லது. பாசிப்பருப்போடு கடைந்தால் அருமையான கீரை அது. இளம் மூக்கிரட்டைக்கும் அதே மரியாதை செய்யலாம். மருந்து தெளிக்காத தோட்டத்தில்தான் இதற்கெல்லாம் வழி உண்டு.

பார்த்தீனியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட செடி இன்று காலி மனை எங்கும் நிற்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் லேசில் விடாது. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை போட்டு, மழை பெய்த மறுநாள், வெள்ளைப் பூ தலைகாட்டும் முன் வேரோடு பிடுங்குங்கள். தரையோடு அரிந்துவிட்டால் பக்கத்தில் கிளைத்து இன்னும் சீக்கிரம் பூத்துவிடும். இலைகளில் மஞ்சள் கலந்த வெள்ளை முதுகில் பழுப்புக் கோடுகளோடு சின்ன வண்டுகள் தின்றுகொண்டிருந்தால் அவற்றைக் கொல்லாதீர்கள். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகன் வண்டு அது, பார்த்தீனியத்தைத் தின்னத்தான் வந்தது.

பாத்தியில் களை முற்றிப்போய் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாத நிலை என்றால் கத்திரி வெயிலையே வேலைக்கு வைக்கலாம். சித்திரை, வைகாசியில் பாத்தியைச் சமன் செய்து, கல், குச்சி பொறுக்கி, அரை அடி ஆழம் ஈரம் இறங்கும்படி தண்ணீர் விட்டு, மறுநாள் 25 முதல் 50 மைக்ரான் கண்ணாடி நிற பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டி இழுத்துப் போர்த்துங்கள். நான்கு ஓரத்தையும் அரை அடி பள்ளத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். மேல் இரண்டு அங்குல மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும், விதைகள் வெந்துபோகும். கறுப்பு ஷீட் போடுபவர்கள் உண்டு. அது தான் சூடாகும், மண்ணைச் சுடாது. ஈரம் இல்லாமல் போர்த்தினாலும் பலன் குறைவு, காய்ந்த விதை சூட்டைத் தாங்கும். ஷீட்டில் ஓட்டை விழுந்தால் அன்றே டேப் ஒட்டுங்கள். எடுத்தபின் மறுபடி ஆழக் கொத்தினால் வேகாத அடிமண் மேலே வந்து எல்லாம் பாழ். கோரைக்கு இது போதாது. ஆழத்துக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

களை எங்கிருந்து வருகிறது

பல வீடுகளில் களையைக் காசு கொடுத்தே வாங்குகிறோம். ஒரு லோடு செம்மண்ணோடு கோரைக்கிழங்கு வரும். மக்காத சாணத்தோடு, மாடு தின்ற புல்லின் விதை செரிக்காமல் வரும். ஆட்டு எருவில் சீமைக் கருவேல விதைகூட வரும். மண் இறக்கும் முன் ஒரு வாளி மாதிரி வாங்கித் தொட்டியில் போட்டு, பதினைந்து நாள் தண்ணீர் தெளித்து என்ன முளைக்கிறது என்று பாருங்கள். கோரை ஒன்று எழுந்தாலும் அந்த மண் வேண்டாம். ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ தொழு எரு என்பது வழக்கமான அளவு. அந்த 100 கிலோவும் நன்றாக மக்கி, கையில் எடுத்தால் மண் வாசனை அடிப்பதாக இருக்க வேண்டும். குவியலாகப் போட்டு ஈரம் காத்து, உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறவிட்டு, இரண்டு மூன்று முறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டினால் விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும்.

நர்சரியிலிருந்து வரும் செடிப் பையின் மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டு நடுங்கள். புளியாரை அதில்தான் வரும். காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதையைச் சிதறடிக்கும் செடி அது, ஒரு தொட்டியில் வந்தால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் போய்விடும்.

மூடாக்கு

நட்டு முடித்ததும் வெறும் மண் தெரியக்கூடாது. காய்ந்த சருகு, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், தென்னை ஓலை நறுக்கியது, எது பக்கத்தில் கிடைக்கிறதோ அது. போடும்போது நான்கு அங்குலம் இருக்க வேண்டும், ஒரு மாதத்தில் பாதியாக அமுங்கும், மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு அங்குலம் தூவுவதால் பிரயோசனம் இல்லை. களை விதைக்கு ஈரமும் காத்துக் கொடுத்து வெளிச்சமும் விட்டதாக ஆகும். நான்கடிக்கு எட்டடி பாத்திக்கு நான்கைந்து சாக்கு சருகு பிடிக்கும். செடியின் தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுப் போடுங்கள், தண்டோடு ஒட்டினால் அழுகும். வைக்கோல் போட்டால் அதில் ஒட்டியிருக்கும் நெல் முளைக்கும், ஒருமுறை உதறிவிட்டுப் போடுங்கள். மக்காத தேங்காய் நார்க் கழிவையும் மரத்தூளையும் மேலே பரப்பலாம், மண்ணில் கலக்கக் கூடாது. கலந்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். கரையான் உள்ள இடத்தில் மூடாக்கைக் காயவிடாமல் லேசான ஈரத்தில் வைத்திருங்கள், வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே போடுங்கள்.

சொட்டுநீரும் ஒரு களைக்கட்டுப்பாடுதான். ஹோஸ் பிடித்துப் பாத்தி முழுக்க நனைத்தால் முழுப் பாத்தியும் முளைக்கும். செடியின் அடியில் மட்டும் சொட்டினால் இடைவெளி காய்ந்தே கிடக்கும்.

கல் பரப்பு

வாசலிலும் காம்பவுண்டு ஓரத்திலும் கூழாங்கல் கொட்டி, நடுவில் நாலு செடி வைப்பது இப்போது ஊரெங்கும் வந்துவிட்டது. கீழே ஷீட் போட்டாயிற்று, இனி களையே வராது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முதல் வருடம் உண்மையாகவே வராது. இரண்டாம் மழைக்காலத்தில் வரும்.

வந்த களையின் பக்கத்தில் ஒரு பிடி கல்லை விலக்கிப் பாருங்கள். மேல் வரிசைக் கல் பளபளப்பாக இருக்கும். அடுத்த வரிசையில் கல்லின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் பொடி தெரியும். இன்னும் கீழே, ஷீட்டின் மேலேயே, அரை அங்குலத்துக்குக் கருப்பு மண் படிந்திருக்கும். விரலால் எடுத்துத் தேய்த்தால் மெத்தென்று இருக்கும். தெருப் புழுதி, மக்கிய இலை, பூவிதழ், குருவி எச்சம் எல்லாம் சேர்ந்தது. களையின் வேர் அந்த அரை அங்குலத்தில்தான் நிற்கிறது, ஷீட்டைத் தாண்டவே இல்லை. கல் பரப்பில் களை மேலேயிருந்து வருகிறது. கீழே எவ்வளவு விலையுள்ள ஷீட் போட்டாலும் இதைத் தடுக்காது. கீழிருந்து வருவது கோரை ஒன்றுதான், அதை ஷீட் போடும் முன்பே ஒழித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஷீட் எதற்கு? கல் மண்ணுக்குள் புதையாமல் இருக்கவும், மண் கல்லுக்குள் ஏறாமல் இருக்கவும். குறிப்பாகக் களிமண் தரையில் துணி இல்லாமல் கல் கொட்டினால் இரண்டு மழையில் பாதி கல் காணாமல் போகும். அதற்குத் தண்ணீர் இறங்கும் துணி வேண்டும்: 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஜியோ டெக்ஸ்டைல் துணி, அல்லது நெருங்க நெய்த வீட் மேட் என்ற களைத்தடுப்பு விரிப்பு. தார்ப்பாயோ பாலித்தீனோ போட்டால் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், கொசு வரும், நடுவில் வைத்த செடியின் வேர் மூச்சுத் திணறும்.

புதிதாகப் போடுபவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள். நான்கு அங்குலம் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்துப் பதினைந்து நாள் விட்டு, முளைப்பதைச் சுரண்டுங்கள். இரண்டு தடவை. கோரை எழுந்தால் கல் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஒரு இடத்தில் பொறுமை போனால் பிறகு ஒரு டன் கல்லைத் தூக்கி மாற்ற வேண்டியிருக்கும். தரையைச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் பத்தடிக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் சாய்வாகக் கொடுத்துத் தட்டி இறுக்குங்கள். ஓரம் முழுக்கச் செங்கல்லோ கருங்கல் பார்டரோ கல் மட்டத்துக்கு ஒரு அங்குலம் உயரமாக நிற்கட்டும், பாத்தி மண் மழையில் அடித்துக்கொண்டு கல்லுக்குள் வருவதை அதுதான் நிறுத்தும். துணியை ஓரத்தில் அரை அடி ஏறும்படி போட்டு, இரண்டடிக்கு ஒன்றாக வளைத்த கம்பி அடித்து நிறுத்துங்கள். செடி வைக்கும் இடத்தில் பெருக்கல் குறி போல வெட்டுங்கள், வட்டமாக வெட்டி எறிந்தால் அந்த வட்டத்தில் களை வரும்.

கல்லின் அளவு 20 முதல் 40 மில்லிமீட்டர். அதைவிடச் சின்னது என்றால் இடுக்குகள் நெருங்கிப்போய்ப் புழுதி சீக்கிரம் தங்கும், கூட்டினால் கல்லும் சேர்ந்து வரும். மிகப் பெரியது என்றால் இடுக்கில் வெளிச்சம் இறங்கும். கனம் மூன்று அங்குலம். 100 சதுர அடிக்கு 25 கன அடி, அதாவது கால் யூனிட், ஏறக்குறைய ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். காசு பார்த்து ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. துணி வெளியே தெரிந்து, வெயிலில் நைந்து கிழிந்துவிடும். ஜல்லி என்றால் கட்டாயம் கழுவிக் கொட்ட வேண்டும். கிரஷர் தூசியோடு கொட்டினால் முதல் மழையிலேயே அது அடியில் இறங்கி விதை முளைக்க மெத்தை போட்டுவிடும். துணிக்கு மேல் எம்சாண்ட் ஒரு அடுக்கு போடச் சொல்லும் மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடம் பார்ப்பதும் முக்கியம். வேம்பு, புங்கு நிழலில் கல் பரப்பு வேண்டாம். மாசி, பங்குனியில் கொட்டும் சின்னச் சின்ன இலைகள் கல் இடுக்கில் விழுந்தால் பொறுக்கி முடியாது. மரத்தடிக்குச் சருகு மூடாக்குதான் பொருத்தம், விழும் இலை அதற்கே உரமாகிவிடும்.

பராமரிப்பில் வாரம் ஒருமுறை விசிறி வடிவ வாரியால் மேலாக இலை வாருவது பாதி வேலையை முடித்துவிடும். கூட்டிப் பெருக்குபவர்கள் வாசல் புழுதியைக் கல் பக்கம் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைத்த களையை இரண்டு வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் வேர் துணியின் இழைகளுக்குள் பின்னிக்கொள்ளும், இழுக்கும்போது துணி கிழியும். ஆல், அரசு கன்றுகள் பறவை எச்சத்தில் வரும், நான்கு இலைக்கு மேல் விட்டால் சுவர்ப்பக்கம் வேர் ஓட்டிவிடும்.

இடுக்கில் கை நுழையாத இடத்துக்குக் கொதிநீர் நல்லது. ஒரு களைக்கு ஒரு டம்ளர், அடுப்பிலிருந்து இறக்கிய கொதியோடு, கழுத்து நீண்ட கெட்டிலில் குருத்தின் மேல் ஊற்றுங்கள். இளம் விதைக் களை அன்றே சாகும். கோரையும் மூக்கிரட்டையும் மேலே கருகி, அடுத்த வாரம் திரும்பி வரும். காலில் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வைத்த செடியிலிருந்து ஒரு அடி தள்ளி ஊற்றுங்கள். கேஸ் டார்ச்சால் சுடுவது கல் பரப்பில் வேண்டாம். ஈரம் உள்ளிருக்கும் ஆற்றுக்கல் வெடித்துத் தெறிக்கும்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கல்லை எடுத்துக் கழுவத்தான் வேண்டும். 100 சதுர அடியை ஒரே நாளில் தொடாமல் கால் பங்கு, கால் பங்காகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியும், பத்துப் பன்னிரண்டு சட்டி கல்தான் வரும். சல்லடையில் கொட்டி ஹோஸ் அடித்து, துணியின் மேல் படிந்ததை வழித்து, துணியில் கிழிசல் இருந்தால் ஒட்டுத்துணி வைத்து, கல்லைத் திரும்பப் போடுங்கள். வழித்தெடுத்த கருமண்ணைப் பாத்தி மேல் தூவிவிடாதீர்கள், அதில் முழுக்கக் களை விதை. மரக்குழியின் அடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் உரமாகும், முளைக்காது.

உப்பும் மருந்தும்

வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகர் இளங்குருத்தின் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. உண்மையில் கொல்வது அதிலிருக்கும் உப்பு, அது களையோடு நிற்காது. மழையில் கரைந்து கல்லுக்கு அடியில் இறங்கிப் பக்கத்து மரத்தின் வேருக்குப் போகும். தென்னை தாங்கிக்கொள்ளலாம், மா தாங்காது. காம்பவுண்டு அஸ்திவாரத்தின் கம்பிக்கும் உப்பு ஆகாது. ஒருமுறை போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்ற ஆட்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. உரக்கடையில் கேட்டால் பாராக்வாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. உடலுக்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது, குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. நான்கு பாத்திக்கும் ஒரு கல் பரப்புக்கும் இவை எதுவும் தேவையில்லை. நல்ல களைக்கொத்தி ஒன்றை வாங்கி, முனையை அரத்தால் மாதம் ஒருமுறை தீட்டி வையுங்கள். மழுங்கிய கொத்தி களையை அறுக்காமல் மண்ணோடு சாய்த்துவிடும், சாய்ந்த களை மறுநாள் ஈரத்தில் நிமிர்ந்துவிடும்.